தாபோங் ஹாஜி சேமிப்புக் கணக்கு: சிறுகச் சேர்ப்பவரின் பார்வையில் ஒரு மதிப்பீடு

மலேசிய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், குழந்தையின் பிறப்புப் பத்திரம் கிடைத்த கையோடு அதன் பெயரில், ஹஜ் பயணத்துக்கான சேமிப்பு நிறுவனமான தாபோங் ஹாஜியில் ஒரு கணக்கைத் திறந்துவிடுவது வழக்கம். எங்கள் குடும்பத்திலும் மூன்று தலைமுறையினருக்கு அந்தக் கணக்கு உண்டு. இருந்தும் ஆண்டுதோறும் லாப ஈவு அறிவிக்கப்படும் வேளையில் மட்டுமே இந்த நிறுவனம் பேசுபொருளாகிறது. இந்த ஆண்டு எத்தனை விழுக்காடு என்ற ஒரே கேள்வியோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. ஹஜ் என்னும் கடமையை மனத்தில் வைத்து மாதந்தோறும் சிறுதொகையை ஒதுக்குபவருக்கு இந்தக் கணக்கு உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்யாது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை எடைபோட்டுப் பார்க்கவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 50 வெள்ளியோ (மலேசிய ரிங்கிட்) 100 வெள்ளியோ தவறாமல் ஒதுக்கக்கூடிய, வட்டி கலவாத இடத்தில் தன் பணம் இருக்க வேண்டும் என்று கருதும் எளிய குடும்பத்துக்கு, மலேசியாவில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனால் சேமிப்பவர் காட்டும் ஒழுக்கத்தை அவருடைய பணத்தைக் கையாளும் நிறுவனமும் காட்டியாக வேண்டும். அது தவறிய ஆண்டுகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இந்தக் கணக்கைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

இது எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்துகொண்டால்தான் இதை எந்த அளவுகோலால் அளப்பது என்பது விளங்கும். 1950களில் மலாயாவின் கிராமப்புறத்து முஸ்லிம்கள், வங்கியில் போட்டால் வட்டி சேர்ந்துவிடும் என்று அஞ்சி, ஹஜ்ஜுக்கான பணத்தைத் தலையணைக்கடியிலும் மண்பானையிலும் மூங்கில் குழாயிலும் வைத்திருந்தார்கள். பணம் போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றுக் கப்பலேறினார்கள். திரும்பி வந்தபோது பிழைப்பதற்கு நிலம் இல்லை, உழுவதற்கு மாடும் இல்லை. பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் இந்த நிலைமையை ஆராய்ந்து, ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்புவோரின் பொருளாதார நிலையை உயர்த்துவதற்கான திட்டம் ஒன்றை 1959ஆம் ஆண்டு அரசிடம் முன்வைத்தார். மலாயாவுக்கு 1962இல் வருகை தந்த அல்அஸ்ஹரின் தலைமை அறிஞர் ஷைக் மஹ்மூத் ஷல்தூத் அத்திட்டம் மார்க்கத்துக்கு உடன்பட்டதே என்று இசைவளித்தார். 1963 செப்டம்பரில் சேமிப்புக் கழகம் செயல்படத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் எல்லோருடைய சேமிப்பும் சேர்ந்து சுமார் 46,600 வெள்ளி. 1969இல் அது அரசின் ஹஜ் விவகார அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருக்கும் தாபோங் ஹாஜி சட்டம் 1995ஆம் ஆண்டுக்குரியது.

பினாங்குக்காரர்களுக்கு இந்த வரலாறு அயலானதன்று. நீராவிக் கப்பல் காலத்தில் வட்டாரத்தின் ஹஜ் பயணிகள் வந்து கூடிய இடம் ஜார்ஜ்டவுனின் லெபு ஆச்சே தெரு. கப்பலுக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தங்குமிடமும் பயணச்சீட்டும் ஏற்பாடு செய்த முகவர்கள் அங்கே கடை வைத்திருந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போய்வருவது பெரும் பாக்கியமாகவும், போய்வந்த பின் குடும்பம் நொடிந்துபோவது அதற்குக் கொடுக்கும் விலையாகவும் கருதப்பட்ட காலம் அது. அந்த இரண்டாவது பகுதியை நீக்குவதுதான் உங்கு அஜிஸின் நோக்கம். ஆகவே இந்தக் கணக்கை அளக்கும்போது, எவ்வளவு லாபம் கொடுத்தது என்பதற்கு முன்னால், கடன்படாமலும் சொத்தை விற்காமலும் ஒரு குடும்பம் கடமையை நிறைவேற்ற இது உதவுகிறதா என்றே கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கணக்கு திறப்பதில் சொல்லும்படியான சிரமம் எதுவும் இல்லை. அடையாள அட்டையுடன் தாபோங் ஹாஜி கிளைக்குச் சென்றால் போதும். தொடக்கத் தொகை யாருக்கும் பாரமாகாத அளவில்தான் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் தம் பொறுப்பில் கணக்கு திறக்கலாம். பணத்தைக் கிளையிலும் கட்டலாம், வங்கியிலிருந்தும் மாற்றலாம், நிறுவனத்தின் திஜாரி செயலி வழியாகவும் போடலாம். இவற்றுள் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது சம்பளப் பிடித்தத்தை. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே குறித்த தொகை கணக்குக்குப் போய்விடுவதால், மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல் போகிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பத்து, பதினைந்து ஆண்டுகள் விடாமல் சேமித்தவர்கள் எல்லோரும் இந்த வழியைப் பின்பற்றியவர்களே. செயலி வந்தபின் பணம் போடுவது எளிதானது உண்மை. எடுப்பதும் அதே அளவு எளிதாகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிளைக்கு நேரில் போய் வரிசையில் நின்று எடுக்க வேண்டியிருந்த காலத்தில், அந்த அலைச்சலே பலருடைய சேமிப்பைக் காத்தது.

இருப்பு 1,300 வெள்ளியை எட்டியதும் ஹஜ்ஜுக்குப் பெயர் பதிந்துகொள்ளலாம். இந்தச் சேவையின் அமைப்பில் ஆழ்ந்த அறிவோடு வகுக்கப்பட்ட பகுதி இதுவே என்பேன். பயணத்தின் முழுச் செலவான 33,300 வெள்ளி சேர்க்க வேண்டும் என்று சொன்னால் மலைத்துப்போகும் ஒருவர், 1,300 வெள்ளி என்றால் இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று துணிகிறார். அதை எட்டிய நாளில் அவருடைய பெயர் நாட்டின் ஹஜ் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதுவரை பொதுவான ஆசையாக இருந்தது நிய்யத்தாக, அதாவது கடமையை நிறைவேற்றும் மன நோக்கமாக, உறுதிப்படுகிறது. அதன் பிறகு அந்தப் பணத்தில் கை வைக்க மனம் வருவதில்லை. வண்டியின் சக்கரம் தேய்ந்தால், பள்ளிக் கட்டணம் கூடினால், உறவில் கல்யாணம் வந்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குதான் முதலில் கரைகிறது. ஹஜ் பணம் அப்படிக் கரைவதில்லை என்பதை எங்கள் உறவினர் குடும்பங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அந்தப் பணத்தை எடுக்க எந்தத் தடையும் இல்லை. தடுப்பது அதை வைத்தவருடைய நிய்யத்துதான். வேறு எந்த நிதி நிறுவனமும் தன் விதிமுறைகளால் உண்டாக்க முடியாத கட்டுப்பாடு இது.

இதற்கு மார்க்கத்தின் அடிப்படை ஆழமானது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம், கஅபா ஆகிய அந்த இல்லத்துக்குச் சென்றுவரச் சக்தி பெற்றவர்கள்மீதே ஹஜ்ஜைக் கடமையாக்குகிறது. அந்தச் சக்தி என்பதில் வழிச்செலவு மட்டும் அடங்குவதில்லை. திரும்பிவரும்வரை வீட்டில் இருப்போரின் செலவும் அடங்கும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். தவணை வந்துவிட்ட கடனைத் தீர்ப்பது அதற்கும் முந்தியது. வட்டியைத் தடுப்பது அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம். அல்ஃபுர்கானின் 67ஆம் வசனமோ, செலவிடும்போது வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் இரண்டுக்கும் இடையில் நிற்பவர்களைப் புகழ்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக்கு வரிசை முறை ஒன்று கிடைக்கிறது. முதலில் வீட்டாரின் தேவை, அடுத்து கடன், அதன்பின் ஸகாத் என்னும் கட்டாய தானமும் பிற தருமமும், அவற்றோடு சிறுகச் சிறுக ஹஜ்ஜுக்கான சேமிப்பு. இந்த வரிசையைக் குலைத்து, கடன் அட்டைப் பாக்கியை அப்படியே வைத்துக்கொண்டு தாபோங் ஹாஜியில் பணம் சேர்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு கட்டிக்கொண்டு 3 விழுக்காட்டுக்குச் சேமிப்பது கணக்குப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு. ஒதுக்கக்கூடிய தொகை முழுவதையும் முதலில் அந்தப் பாக்கியில் கட்டித் தீர்த்துவிட்டு, அதே தொகையை அடுத்த மாதத்திலிருந்து ஹஜ் கணக்குக்குத் திருப்பிவிடுவதே முறை.

பணம் போடப்பட்டபின் என்ன ஆகிறது? சேமிப்பவர் தாபோங் ஹாஜியைத் தம் முகவராக நியமிப்பதாக, வக்காலா என்னும் ஒப்பந்த முறையில் தொகை பெறப்படுகிறது. அந்தத் தொகை சுக்கூக் என்னும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களிலும், ஷரியாவுக்கு உடன்பட்ட பங்குகளிலும், கட்டடங்களிலும், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. 1983இல் தோன்றிய, நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாமின் பெரும் பங்குதாரரும் தாபோங் ஹாஜிதான். ஆண்டின் இறுதியில் கிடைத்த லாபம் ஸகாத் செலுத்தப்பட்ட பிறகே சேமிப்பாளர்களுக்குப் பகிரப்படுகிறது. ஆகையால் இந்தக் கணக்கிலுள்ள தொகைக்குச் சேமிப்பவர் தனியே ஸகாத் கணக்கிட வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு என்பது ஸகாத்தின் அளவு என்பதை நினைவில் வைத்தால், வெளியே 5 விழுக்காடு தரும் வேறொரு முதலீட்டோடு இதை ஒப்பிடும்போது இந்தச் செய்தி எவ்வளவு முக்கியமானது என்பது தெரியும். ஒப்பீட்டுப் பட்டியல்களில் பெரும்பாலோர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி எண்களுக்கு வருவோம். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் லாப ஈவு 3.10 விழுக்காடு, 2023க்கும் 2024க்கும் 3.25 விழுக்காடு. மாதம் 100 வெள்ளியாக 20 ஆண்டுகள் விடாமல் சேமித்து, லாப ஈவும் 3.25 விழுக்காட்டிலேயே நிற்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், கையிலிருந்து போட்டது 24,000 வெள்ளி. கணக்கில் இருப்பது சுமார் 33,600 வெள்ளி. 2025ஆம் ஆண்டு ஹஜ் பருவத்தில் ஒருவருக்கு ஆகும் முழுச் செலவாகத் தாபோங் ஹாஜி அறிவித்தது 33,300 வெள்ளி. மாதம் 100 வெள்ளி என்பது ஒரு பயணத்தின் முழுச் செலவை இன்றைய விலையில் எட்டுகிறது என்பது எளிய குடும்பங்களுக்கு ஊக்கமளிக்கும் செய்தி. மாதம் 50 வெள்ளி என்றால் 20 ஆண்டு முடிவில் சுமார் 16,800 வெள்ளி இருக்கும். குறைந்த வருமானமுடைய பி40 பிரிவினர் அந்த 2025ஆம் ஆண்டில் செலுத்த வேண்டியிருந்த கட்டணம் 15,000 வெள்ளி. நடுத்தர வருமானமுடைய எம்40 பிரிவினருக்கு 23,500 வெள்ளி. மீதியை நிதியுதவியாகத் தாபோங் ஹாஜி ஏற்றுக்கொண்டது.

ஆயினும் விலை நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. பத்தாண்டுக்கும் மேலாக, முதல்முறை ஹஜ் செய்வோர் எல்லோருக்கும் ஒரே கட்டணமாக 9,980 வெள்ளி இருந்தது. பிறகு வருமானத்தின் அடிப்படையில் கட்டணம் பிரிக்கப்பட்டு, 2023இல் பி40க்கு 10,980, எம்40க்கு 12,980, மற்றவர்களுக்கு 30,850 வெள்ளி என்றானது. எம்40 குடும்பம் ஒன்றுக்கு 12,980இலிருந்து 23,500க்கு ஏறியது சிறிய ஏற்றமன்று. கணவனும் மனைவியும் சேர்ந்து போவதென்றால் வேறுபாடு இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. பழைய கட்டணத்தை மனத்தில் வைத்து, பத்தாயிரம் சேர்ந்துவிட்டது, இனிப் போதும் என்று நிறுத்திக்கொண்ட பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். தொகையைச் சம்பளம் கூடும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வருவதும், நிதியுதவி என்பது உரிமையன்று, ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடிய சலுகை என்று எடுத்துக்கொண்டு முழுச் செலவையே இலக்காக வைப்பதும் அவசியம். தமக்கு முழுச் செலவையும் கட்டச் சக்தி உண்டென்றால் உதவியை எதிர்பாராமல் கட்டுவதே அழகு. அந்த உதவி, நம்மைப் போன்ற மற்றச் சேமிப்பாளர்களின் பணத்தால் ஈட்டிய வருமானத்திலிருந்து வருவதுதானே.

இப்போது மறைக்கக் கூடாத பகுதி. 2014ஆம் ஆண்டுக்கு 6.25 விழுக்காடு லாப ஈவோடு, இன்னும் ஹஜ் செய்யாதவர்களுக்கு 2 விழுக்காடு சிறப்பு ஊக்கத்தொகையும் சேர்த்து 8.25 விழுக்காடு கொடுக்கப்பட்டது. 2015க்கு அதே வகையில் 8 விழுக்காடு. 2016இலும் 2017இலும் 5.75, 6.25 என்று தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் தாபோங் ஹாஜியைப் புகழாத வாய் இல்லை. 2016 தொடக்கத்திலேயே, நிறுவனத்தின் இருப்பு நிலை குறித்து எச்சரித்து மத்திய வங்கியான பேங்க் நெகாரா எழுதிய கடிதம் ஒன்று வெளியே கசிந்தது; பலர் பதறிப் பணத்தை எடுத்தார்கள், பின்னர் அமைதியடைந்தார்கள். 2018 டிசம்பரில் உண்மை நிலை முழுமையாக வெளிவந்தது. 2017 இறுதியில் நிறுவனத்தின் சொத்து மதிப்பு 7,030 கோடி வெள்ளி. அது திருப்பித் தர வேண்டிய பொறுப்புகளோ 7,440 கோடி வெள்ளி. சொத்து பொறுப்பைவிடக் குறைவாக இருக்கும்போது லாபம் பகிரக்கூடாது என்று சட்டமே சொல்லியிருக்க, பகிர்வு நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் நடந்தது பெரிய சீரமைப்பு. மதிப்பிழந்த பங்குகளும் கட்டடங்களும் நிதியமைச்சுக்குச் சொந்தமான உருஷார்த்தா ஜமாஆ என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றின் சந்தை மதிப்பு சுமார் 970 கோடி வெள்ளியாக இருக்க, மாற்றப்பட்ட விலை 1,990 கோடி வெள்ளி. அந்த இடைவெளியைச் சுமப்பது பொதுமக்களின் பணம். அதில் முஸ்லிமல்லாத மலேசியர்களின் வரிப்பணமும் அடங்கும் என்பதை நாம் நன்றியோடும் பொறுப்புணர்வோடும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018க்கான லாப ஈவு 1.25 விழுக்காடாக இறங்கியது. 2019 ஜனவரி முதல் தாபோங் ஹாஜி பேங்க் நெகாராவின் மேற்பார்வைக்குக் கீழ் கொண்டுவரப்பட்டது. 2014 முதல் 2020 வரையிலான நிர்வாகத்தை ஆராய அரச விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் கிராமத்து ரப்பர் மரம் சீவுபவரும், பள்ளி ஆசிரியையும், கப்பல் துறைத் தொழிலாளியும் மாதம் தவறாமல் பணம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் எந்த ஒழுக்கக் குறைவும் இல்லை. இருப்பதற்கு மேல் பகிர்ந்து கொடுத்தது அவர்களுடைய முகவர். தன் வரவுக்கு மீறிச் செலவு செய்யாதே என்று சேமிப்பாளருக்குச் சொல்லப்படும் அதே அறிவுரை, ஈட்டியதற்கு மீறிப் பகிராதே என்று நிறுவனத்துக்கும் பொருந்தும். அமானிதம், அதாவது ஒப்படைக்கப்பட்டதை நேர்மையாகக் காக்கும் பொறுப்பு, இரு பக்கத்துக்கும் உரியது. 2024க்கான 3.25 விழுக்காட்டைக் கண்டு முகம் சுளிக்கும் உறவினர்களிடம் நான் சொல்வது இதுதான்: அன்றைய 8.25ஐவிட இதையே நான் அதிகம் நம்புகிறேன். சீரமைப்புக்குப் பின் முதலீட்டில் நிலையான வருமானம் தரும் சுக்கூக்கின் பங்கு கூட்டப்பட்டது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் முன்னளவு பாதிப்பதில்லை. லாப ஈவு மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் அமைதியாக நிற்பது சோர்வூட்டும் செய்தியாகத் தோன்றலாம். 20 ஆண்டுத் திட்டம் வைத்திருப்பவருக்கு அந்த அமைதிதான் வேண்டும். தாபோங் ஹாஜி சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி சேமிப்புத் தொகைக்கு மலேசிய அரசின் உத்தரவாதமும் இருக்கிறது. போட்ட பணம் போகாது என்ற உறுதி அதில் கிடைக்கிறது. லாப ஈவுக்கு அப்படிப்பட்ட உத்தரவாதம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்குமான விடையாகக் கருதுவோரும் உண்டு, அது பொருந்தாது. முதுமைக்கால வாழ்க்கைக்கு உரியது ஊழியர் சேமநிதி. அது 2017 முதல் ஷரியா முறைச் சேமிப்பையும் வழங்குகிறது. 2024ஆம் ஆண்டுக்கு அதன் லாப ஈவு 6.30 விழுக்காடு. அங்கே பணம் பல ஆண்டுகள் பூட்டப்பட்டிருக்கும், ஆகவே கூடுதலாகக் கொடுக்க முடிகிறது. எந்த வேளையிலும் எடுக்கக்கூடிய தாபோங் ஹாஜியிடமிருந்து அதே அளவை எதிர்பார்ப்பது நியாயமன்று. மறுபுறம், அவசரத் தேவைக்கான பணத்தையும் ஹஜ் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. மூன்று மாதச் செலவுக்கான தொகையை வேறொரு இஸ்லாமிய வங்கியின் சேமிப்புக் கணக்கில் தனியே வைத்தவர்தான், மருத்துவச் செலவு வந்த நாளிலும் ஹஜ் கணக்கைத் தொடாமல் இருக்கிறார்.

மலேசியாவின் தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தக் கணக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. அமானா சஹாம் பூமிபுத்ரா போன்ற பெரிய நம்பிக்கை நிதிகள் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்பவை) மலாய்க்காரர் முதலிய மண்ணின் மைந்தர்களான பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே உரியவை. இந்திய முஸ்லிம்களுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. தாபோங் ஹாஜியிலோ இனம் கேட்கப்படுவதில்லை. மலேசியக் குடிமகனாகவும் முஸ்லிமாகவும் இருப்பது போதும். மலாய்க்காரரும், இராமநாதபுரத்திலிருந்து வந்தவரின் பேரனும், சீன முஸ்லிமும் ஒரே விகிதத்தில் லாப ஈவு பெறுகிறார்கள், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேலை அனுமதியில் வந்து நாசி கண்டார் உணவுக் கடைகளில் உழைக்கும் தமிழகத்துச் சகோதரர்களுக்கு மட்டும் இதில் இடமில்லை. என்னிடம் இதைப் பற்றிக் கேட்ட சிலருக்கு, ஊரில் ஹஜ் குழுவின் மூலம் தேர்வானபின் பணத்தைத் தவணை தவணையாகக் கட்டும் முறை இருப்பதால், சம்பளம் அனுப்பும்போதே ஒரு பங்கை அதற்கென்று வீட்டில் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்றேன். நிய்யத்தோடு தனியே ஒதுக்குவது என்ற அடிப்படை, தாபோங் ஹாஜி இல்லாத நாட்டிலும் செல்லும்.

காத்திருப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. மலேசியாவுக்குச் சவூதி அரேபியா ஒதுக்கும் இடங்கள் ஆண்டுக்கு 31,600. பதிந்துவைத்திருப்போரோ பல லட்சம். இன்று புதிதாகப் பதிபவருடைய முறை வர நூறு ஆண்டுகளுக்கும் மேலாகும் என்ற கணக்கு நாட்டில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கேட்டவுடன் மனம் தளரும். ஆனால் முன்னே இருப்பவர்களில் இறந்தவர்களும், உடல்நலம் இழந்தவர்களும், அழைப்பு வந்தும் பணம் போதாமல் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. முதியோரும் பிறரும் முறையீடு செய்து இடம் பெறும் வழியும் இருக்கிறது. அழைப்பு எந்த ஆண்டில் வந்தாலும் அன்று கணக்கில் முழுத் தொகை இருக்க வேண்டும். திடீரென்று வந்த கடிதத்தை ஏற்க முடியாமல் கைவிடுவோரின் இடம் தயாராக இருப்பவருக்குப் போகிறது. ஆகவே தாமதம் என்பது சேமிப்பை நிறுத்துவதற்குக் காரணமாக இருக்க முடியாது. பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே 1,300 வெள்ளியைச் சேர்த்துப் பெயர் பதிந்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். பெருநாள் பணமாகப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதை அவர்கள் கையாலேயே கொண்டுபோய்க் கட்டவைத்தால் நான்கைந்து ஆண்டுகளில் அந்த இருப்பு சேர்ந்துவிடும்.

சேவையின் பிற பகுதிகளில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பள்ளிவாசல்களில் நடத்தப்படும் ஹஜ் பயிற்சி வகுப்புகள் நன்றாக இருக்கின்றன. பயணத்தின்போது மருத்துவர்களும் வழிகாட்டிகளும் உடன் செல்கிறார்கள். தமிழில் விளக்க நூல்களும் வகுப்புகளும் கூடுதலாகக் கிடைத்தால், மலாய் மொழியில் நுணுக்கமான மார்க்கச் சொற்களைப் பின்தொடர முடியாத நம் முதிய தாய்மார்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். லாப ஈவு அறிவிக்கப்படும் நாளில், அதோடு சொத்துக்கும் பொறுப்புக்கும் இடையிலான விகிதத்தையும் சாமானியருக்குப் புரியும் மொழியில் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2018ஐக் கடந்துவந்த சேமிப்பாளருக்கு விழுக்காட்டைவிட அந்த விகிதம் முக்கியமானது.

கணக்கு திறக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் ஒன்று பலரால் தள்ளிப்போடப்படுகிறது. அது வாரிசுப் பொறுப்பாளரை நியமிப்பது. இவ்வளவு நீண்ட காத்திருப்பில், முறை வருவதற்குள் மரணம் வருவது இயல்பு. நியமிக்கப்பட்டவர் அந்தப் பணத்தின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அதைப் பெற்று, இறந்தவரின் கடனைத் தீர்த்து, எஞ்சியதை வாரிசுரிமைச் சட்டப்படி பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர் மட்டுமே அவர். இதை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் தெளிவாகச் சொல்லி வைக்காத குடும்பங்களில், மகன் எடுத்துக்கொண்டான், மகளுக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தங்கள் எழுந்திருக்கின்றன. ஹஜ் செய்யாமலே காலமானவருக்காக அந்தச் சேமிப்பிலிருந்து பதலி ஹஜ் செய்விக்க விரும்பினால் தாபோங் ஹாஜியே அதற்கும் ஏற்பாடு செய்கிறது. அந்த விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நியமனப் படிவம் கிளையிலேயே கிடைக்கிறது. யாரை நியமிக்கப்போகிறீர்களோ அவருடைய அடையாள அட்டை விவரங்களை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிக் கொடுத்தால், அதே நாளில் வேலை முடிந்துவிடும்.